அது நல்ல தண்ணி இல்லக்கா

சனிக்கிழமை வந்தால் பள்ளிக்கூடத்தில் மற்ற டீச்சர்களுக்கு முகம் மலரும். எனக்கு முதுகு வலிக்க ஆரம்பிக்கும். வீட்டுக்குப் பின்னால் தென்னை நார்த்தூள் மூட்டைகள் எனக்காகக் காத்துக் கிடக்கும். தூளைத் தொட்டியில் கொட்டி, தண்ணீர் விட்டு, மிதித்து, பழுப்பை வடித்து, மறுபடி தண்ணீர் விட்டு, மறுபடி மிதித்து, பொழுது அப்படியே போய்விடும். நகக்கண்ணில் ஏறிய பழுப்பு திங்கட்கிழமை வகுப்பு வரைக்கும் போகாது. "மிஸ், மருதாணியா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். ஆமாம், மருதாணிதான் என்பேன். விளக்கிச் சொல்ல யாருக்குத் தெம்பு இருக்கிறது?

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லித்தருகிறவள். என் வீட்டுக்காரர், காரைக்குடிக்கு வெளியே, எங்கள் வீட்டை ஒட்டியே, நூலுக்குச் சாயம் போடுகிற சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். கண்டாங்கிச் சேலை நெய்கிறவர்கள் நூலைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அரக்கு, மாம்பழ மஞ்சள், கறுப்பு என்று கேட்ட நிறத்தில் நனைத்துக் காயவைத்துக் கொடுப்போம். அதிகம் கேட்பது அரக்குதான். நூல் குடித்தது போக மிச்சச் சாயம் எங்கே போகிறது என்று என் வீட்டுக்காரர் ரொம்ப நாள் தலையைக் குடைந்துகொண்டதில்லை. பட்டறைக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் இருக்கிறது. மழைத்தண்ணீர் ஓட வெட்டிய வாய்க்கால். அதில் திறந்துவிடுவார். அது சரிவில் இறங்கி, சீமைக்கருவேலங் காட்டுக்குள் போய் மண்ணில் இறங்கிவிடும். கண்ணுக்கு மறைந்தால் முடிந்தது கதை என்பது அவர் கணக்கு.

ஆனால் கருவேலங் காட்டுக்குப் போகும் வழியில் அக்காவின் கொல்லை இருந்தது. அக்கா என்றால் கூடப்பிறந்தவர் இல்லை. பக்கத்துக் கொல்லைக்காரர், என்னைவிட மூத்தவர், அதனால் அக்கா. கத்திரிக்காய்தான் போடுவார். ஒரு கிணறு, ஒரு மோட்டார், வேலி ஓரம் நாலைந்து தென்னை. அவர் வீட்டுக்காரர் வெளிநாட்டில் வேலைக்குப் போய் உடம்பு கெட்டுத் திரும்பி வந்து கட்டிலோடு இருக்கிறார். அந்தக் கத்திரிச் செடிகளை விட்டால் அக்காவுக்கு வேறு போக்கு கிடையாது.

வாய்க்காலிலிருந்து கொல்லைக்குள் ஒரு மடை பிரியும். மழை பெய்தால் அக்கா மடையைத் திறந்து தண்ணீரைக் கொல்லைக்குள் வாங்கிக்கொள்வார். நாங்கள் சாயம் போடுகிற நாளில் வாய்க்காலில் சிவப்பாக வருவதைப் பார்த்ததும் மண்வெட்டியோடு வந்து நாலு வெட்டு மண்ணைப் போட்டு மடையை அடைத்துவிடுவார். "அரக்குத் தண்ணி வருதுடோய்" என்று தனக்குத்தானே ஒரு சத்தம் வேறு. இத்தனை வருஷமாக இப்படித்தான் ஓடியது. எங்களுக்கும் அவருக்கும் ஒரு மனத்தாங்கலும் இல்லை.

பொங்கல் கழிந்து கொஞ்ச நாளில் ஒரு காலையில் அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு தண்ணீர் பாட்டில். அதில் இருந்த தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. ரோஸ்மில்க்கில் நிறையத் தண்ணீரைக் கலந்த மாதிரி.

"இது என்னாண்டு தெரியுதா டீச்சரு? எங் கேணித் தண்ணி."

மடையை அடைத்தால் மேலே போகிற தண்ணீர் நிற்கும். வாய்க்காலின் அடியில் ஊறி இறங்குவதை எந்த மண்வெட்டி நிறுத்தும்? வருஷக்கணக்காக ஊறியது கிணற்றுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, "கேணியில செம்மண்ணு சரிஞ்சிருக்கும்க்கா" என்றார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"செம்மண்ணு நேத்து முந்தாநேத்தா கெடக்கு? நான் வாக்கப்பட்டு வந்த நாளா அந்த மண்ணுலதான் பாடுபடுறேன். எனக்கே மண்ணைக் காட்டுறீகளா? இந்தா பாருங்க, பக்கத்துல இருக்கீக, நல்லா இருக்கீக, நான் ஒண்ணுஞ் சொல்லல. ஆனா எங் கேணி போச்சுன்னா கொல்லை போச்சு. கொல்லை போச்சுன்னா நாங்க ரெண்டு பேரும் போனோம். கேணி தெளியலைன்னா உங்க பட்டறையைப் பூட்டவெக்காம விடமாட்டேன்."

சொல்லிவிட்டுப் பாட்டிலை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். கோபமாக வைக்கவில்லை. பூச்சாடி வைப்பதைப் போல ஓரமாக வைத்தார். அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

"நீ கெமிஸ்ட்ரி டீச்சருதானே. ஏதாச்சும் பண்ணேன்" என்றார் என் வீட்டுக்காரர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் படிப்பு அவருக்கு ஞாபகம் வந்தது அன்றைக்குத்தான்.

பெரிய ஆலைகளில் செய்கிற மாதிரி மெஷின் வாங்கிப் போட எங்களுக்கு வக்கில்லை. விவசாயக் கழிவை வைத்துச் சாயத்தைப் பிடிக்கலாம் என்று படித்திருக்கிறேன், பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கிறேன். நெல் உமி, கடலைத் தொலி, தென்னை நார்த்தூள், எல்லாமே உள்ளே ஓட்டை ஓட்டையாக இருக்கும். தண்ணீர் அதன் வழியாகப் போகும்போது சாயம் அந்த ஓட்டைகளில் ஒட்டிக்கொள்ளும். கரும்பலகையில் எழுதினால் இரண்டு வரி. வீட்டுக்குப் பின்னால் செய்தால்தான் தெரியும் சேதி.

முதலில் கடலைத் தொலியை டிரம்மில் அடைத்து அரக்குத் தண்ணீரை ஊற்றினேன். மேலே எப்படிப் போனதோ கீழே அப்படியே வந்தது. கடலைத் தொலிதான் சிவப்பானது. "நல்லா இருக்கு. இதை வண்ணக் கடலைண்டு விக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு வந்த ஆத்திரத்தில் டிரம்மை அப்படியே கவிழ்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன்.

அப்புறம் சிங்கம்புணரிக்குப் பஸ் ஏறினேன். அங்கே கயிறு திரிக்கிற இடங்களில் நாரை உரித்தெடுத்தபின் மிஞ்சுகிற தூள் மலை மலையாகக் கிடக்கும். கேட்டால் எடுத்துக்கொண்டு போங்கள், இடமாவது காலியாகும் என்பார்கள். அப்படித்தான் சொன்னார்கள். சாக்கில் அள்ளி, கண்டக்டரிடம் பேச்சு வாங்கி, பஸ் பூராவும் தூள் பறக்கக் கொண்டுவந்து சேர்த்தேன். தும்மித் தும்மி மூக்கு வெங்காயம் மாதிரி ஆகிவிட்டது.

அந்தத் தூளை அப்படியே டிரம்மில் போட்டு அரக்குத் தண்ணீரை விட்டேன். சிவப்பு குறைந்தது. குறைந்ததே என்று நான் சந்தோஷப்பட்டு நிமிர்வதற்குள் வேலிக்கு அந்தப்பக்கம் அக்காவின் குரல் கேட்டது.

"என்ன டீச்சரு, இன்னைக்கி டீத்தண்ணியால்ல வருது?"

போய்ப் பார்த்தால் வாய்க்காலில் கடுங்காப்பி ஓடுகிறது. தென்னை நாரில் இயற்கையாகவே ஒரு பழுப்புச் சாறு உண்டு. தேங்காய் மட்டையை ஊறப்போட்டவர்களுக்கெல்லாம் தெரிந்த சமாசாரம். சாயத்தைப் பிடிக்கப் போட்ட தூள் தன் சாயத்தை விட்டுவிட்டது. என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்காவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் மட்டும் சிரிக்கவில்லை. தெருவில் நல்ல தண்ணி லாரியின் ஹாரன் கேட்டது, குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அழுவதற்குக்கூட இந்த ஊரில் நேரம் கிடைக்காது.

அதிலிருந்துதான் இந்தச் சனி, ஞாயிறு கூத்து. தூளைப் பழுப்புப் போக அலச வேண்டும். காயவைக்க வேண்டும். காய்ந்ததை மூடிபோட்ட டிரம்மில் காற்றுப் புகாமல் கருக்க வேண்டும். காற்றுப் புகுந்தால் சாம்பல், புகாவிட்டால் கரி. அந்தக் கரிதான் சாயத்தைக் கெட்டியாகப் பிடிக்கும். அதுவும் சும்மா பிடிக்காது. சாயத் தண்ணீரில் சோடா உப்பின் காரம் இருக்கும். கொஞ்சம் ஆசிட் விட்டு அந்தக் காரத்தை அடக்கினால்தான் கரி வேலை செய்யும். இதையெல்லாம் தெரிந்துகொள்வதற்குள் எத்தனை டிரம் பாழ், எத்தனை சேலை பாழ், புகை வருகிறது என்று அக்கம்பக்கத்தில் எத்தனை ஏச்சு! ஸ்டாஃப் ரூமில் மேஜையில் தலை வைத்துத் தூங்கினேன். "வயசாயிருச்சு உங்களுக்கு" என்று சொன்னார்கள். ஆகட்டும், ஆகிவிட்டுப் போகட்டும்.

பங்குனி வெயிலில் ஒரு நாள் டிரம்மின் அடிக்குழாயிலிருந்து தண்ணீர் தெளிவாக வந்தது. கண்ணாடி டம்ளரில் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். டம்ளருக்கு அந்தப்பக்கம் கருவேல மரம் தெரிந்தது, ஒவ்வொரு முள்ளும் தெரிந்தது. பொய் சொல்லமாட்டேன், சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வீட்டுக்காரர் டம்ளரை வாங்கி இங்குட்டும் அங்குட்டும் திருப்பி வீடியோ எடுத்து, சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டார். யார் யாரோ கைதட்டுகிற படம் அனுப்பினார்கள்.

"இன்னும் முடியலைங்க. நெறம்தான் போயிருக்கு. உப்பு அப்படியேதான் இருக்கு" என்றேன்.

நூலில் சாயம் ஏற வேண்டுமென்றால் தொட்டியில் உப்பை அள்ளி அள்ளிப் போட வேண்டும். நூல் சாயத்தைக் குடிக்கும், உப்பைக் குடிக்காது. கரியும் அப்படித்தான். போட்ட உப்பு அத்தனையும் தண்ணீரோடு வெளியே வரும். அதைத் தனித் தொட்டியில் நிறுத்தி வெயிலில் வற்றவைத்து, படிகிற உப்பை வழித்தெடுக்க வேண்டும். வேறு வழி கிடையாது. இதை அவரிடம் ஒரு தரம் சொன்னேனா? கரடியாய்க் கத்தினேன்.

"உப்பு கண்ணுக்குத் தெரியுதா?"

"தெரியாதுங்க. அதான் பயமா இருக்கு."

"நீ எதுக்குத்தான் பயப்படல? ஆடி கழியட்டும், தொட்டி கட்டுவோம்."

அவருடைய ஆடி எப்போதும் வரப்போகிற ஆடிதான்.

சரி, இவர் கேட்கமாட்டார், அக்காவிடமாவது சொல்லிவைப்போம் என்று வேலியோரம் போனேன். அக்கா வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் பூரிப்பு.

"டீச்சரு, கைகாரிதான் நீங்க! அடியில கெடக்குற கல்லுகூடத் தெரியுது பாருங்க."

"அக்கா, அது நல்ல தண்ணி இல்லக்கா."

"அது தெரியாதா எனக்கு!" என்று சிரித்தார். "நல்ல தண்ணி இல்லைண்டு தெரியும். நீங்க போயி செத்த படுங்க. முகமே செத்துப்போயிக் கெடக்கு."

நான் போய்ப் படுத்துவிட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, அவரும் புரிந்துகொண்டார் என்ற நிம்மதியில் நன்றாகத் தூங்கினேன்.

சித்திரை வந்தது. பரீட்சைத் தாள் திருத்துகிற வேலைக்கு என்னைச் சிவகங்கைக்குப் போட்டுவிட்டார்கள். விடிந்ததும் பஸ், இருட்டியதும் வீடு. பட்டறைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கரி டிரம்மை எப்படி மாற்றுவது என்று என் வீட்டுக்காரருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன், அவரும் ஒழுங்காகவே மாற்றினார். வாய்க்காலில் தெளிந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

வேலை முடிந்து வீட்டோடு இருந்த முதல் நாள், அக்கா ஒரு கத்திரி இலையோடு வந்தார்.

"டீச்சரு, இது என்ன சீக்குண்டு பாருங்க. வேப்பெண்ணெ அடிச்சுப் பாத்துட்டேன், மருந்துக் கடையில குடுத்ததை அடிச்சுப் பாத்துட்டேன், ஒண்ணுக்கும் கேக்கல."

இலையின் ஓரம் முழுக்கத் தீய்ந்திருந்தது. நடுவில் பச்சை, சுற்றிலும் கருகல். பூச்சி தின்ற ஓட்டை ஒன்றுகூட இல்லை. செருப்பைக்கூட மாட்டாமல் அக்காவோடு கொல்லைக்கு ஓடினேன்.

மடை திறந்து கிடந்தது.

வாய்க்காலிலிருந்து எங்கள் பட்டறைத் தண்ணீர் சலசலவென்று கொல்லைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பாத்திகளின் வரப்பில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. தெரிந்த விடைதான்.

"அக்கா, மடையை யாருக்கா தொறந்தது?"

"நாந்தேன். கேணி வத்திப்போச்சுல்ல? மோட்டாரு காத்தைத்தான் இழுக்குது. கண்ணு மாதிரி தண்ணி காட்டுக்குள்ள வீணாப் போகுதேண்டு தொறந்துவிட்டேன்."

"நான்தான் சொன்னேனேக்கா, அது நல்ல தண்ணி இல்லைன்னு!" என் குரல் எனக்கே கூச்சலாகக் கேட்டது.

அக்கா என்னை ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

"சொன்னீக. நான் இல்லைங்கலையே. நான் என்ன குடிக்கவா செஞ்சேன்? செடிக்குத்தானே விட்டேன்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இந்த ஊரில் நல்ல தண்ணி என்றால் குடிக்கிற தண்ணீர். ஊருணித் தண்ணீர், லாரியில் வருகிற தண்ணீர், கேனில் வருகிற தண்ணீர். மற்றதெல்லாம் புழங்குகிற தண்ணீர். எங்கள் வீட்டுப் போர் தண்ணீர் நல்ல தண்ணி இல்லை, அதில்தான் குளிக்கிறோம், துவைக்கிறோம், செடிக்கு விடுகிறோம். அக்கா கிணறும் நல்ல தண்ணி இல்லை, அதில்தான் இத்தனை வருஷமாகக் கத்திரி காய்த்தது. நல்ல தண்ணி இல்லை என்று யாராவது சொன்னால் குடிக்காதே என்று அர்த்தம், அவ்வளவுதான். நான் பிறந்ததிலிருந்து பேசுகிற பேச்சு இது. அன்றைக்கு நான் சொன்னதை நானே கேட்டிருந்தாலும் அப்படித்தான் புரிந்துகொண்டிருப்பேன். அக்கா என் பேச்சை அட்சரம் பிசகாமல் கேட்டார். ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

உட்கார்ந்து விளக்கினேன். உப்பு என்றால் என்ன செய்யும், வேர் எப்படித் தண்ணீரை இழுக்க முடியாமல் தவிக்கும், மண் எப்படி இறுகும், எல்லாவற்றையும். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டார். பாதியிலேயே எழுந்து போய் மண்வெட்டியை எடுத்துவந்து மடையை அடைக்க ஆரம்பித்தார். அடைத்து முடித்து, மண்ணைக் காலால் மிதித்துவிட்டு, செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். சண்டைக்கு வந்திருந்தால் தேவலை.

அந்தச் செடிகள் பிழைக்கவில்லை. அக்கா ஒன்றொன்றாகப் பிடுங்கி வேலி ஓரம் போட்டார். கிணற்றில் மிச்சமிருந்த தண்ணீரும் கரித்தது. வாய்க்கால் வழியாகச் சாயம் ஊறிய பாதையில் உப்பும் கூடவே ஊறியிருக்கிறது, நிறமே இல்லாமல்; கிணறு வற்ற வற்றக் கரிப்பு ஏறியிருக்கிறது. அக்கா பக்கத்து ஊருக்கு நடவுக்கும் களைக்கும் கூலியாகப் போக ஆரம்பித்தார். வேலிக்கு அந்தப்பக்கம் சத்தமே இல்லை. "அரக்குத் தண்ணி வருதுடோய்" கேட்டுக் கேட்டுப் பழகிய காதுக்கு என்னவோ போல் இருந்தது.

வீட்டில் நான் போட்ட சண்டையை எழுதமாட்டேன். ஆடி கழியவில்லை, ஆனியிலேயே தொட்டி கட்டினார் என் வீட்டுக்காரர். அகலமான, ஆழமில்லாத தொட்டி. தெளிந்த தண்ணீரை அதில் நிறுத்தினோம். வெயில் குடித்ததுபோக அடியில் உப்பு படிந்தது. அதை வழித்து மூட்டையில் கட்டிவைத்தோம். சாயம் குடித்த பழைய கரி ஒரு பக்கம் மூட்டை மூட்டையாக, உப்பு ஒரு பக்கம். வீட்டுக்குப் பின்னால் நடக்க இடமில்லை. சாயம் எங்கேயும் போய்விடவில்லை, தண்ணீரிலிருந்து சாக்குக்கு இடம் மாறியிருக்கிறது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆயாசமாக இருக்கும். எதைத்தான் இந்த உலகத்திலிருந்து இல்லாமல் செய்ய முடிகிறது?

ஆவணியில் இரண்டு மழை நன்றாகப் பெய்தது. அக்கா மடையைத் திறந்து மழைத்தண்ணீரை வாங்கி, கொல்லை முழுக்க நிறுத்தி, மறுபக்கம் வடியவிட்டார். மண்ணில் இருந்த உப்பு கொஞ்சம் கழுவிக்கொண்டு போனது. அப்புறம் மறுபடி கத்திரி நாற்றுப் பாவினார். நாற்றுக்குக் கடன்பட்டாரோ, கைமாற்று வாங்கினாரோ, நான் கேட்கவில்லை. முளை விட்ட அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். நெடுநாள் கழித்து வந்தவருக்குக் காப்பி கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறைப் பக்கமே பார்த்தார்.

"டீச்சரு, ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீகளே?"

"கேளுங்கக்கா."

"அந்தக் கரித்தூளை எடுத்துருங்க. தண்ணி செவப்பாவே வரட்டும்."

நான் கரி மூட்டைகளைத் திரும்பிப் பார்த்தேன்.

"தொட்டி கட்டிட்டீக, சரி. ஐப்பசியில அடைமழை பேஞ்சா தொட்டி தாங்குமா? ரொம்பி வழிஞ்சு வாய்க்கால்லதானே விழுகும். மழைத்தண்ணியும் அதுலதான் வரும், உங்க தண்ணியும் அதுலதான் வரும். ரெண்டும் ஒண்ணுபோல இருந்தா நான் எதைண்டு கண்டுபிடிக்கிறது? எதுக்கு மடையைத் தொறக்குறது, எதுக்கு அடைக்கிறது? செவப்பா வந்த காலத்துல எனக்கு ஒரு செடி செத்ததில்ல டீச்சரு. பாப்பேன், அடைச்சுருவேன். நீங்க நல்லதுதான் செஞ்சீக. ஆனா எங் கண்ணைக் கட்டிவிட்டுட்டீக."

இத்தனை நாள் அலசியது, மிதித்தது, கருக்கியது, தும்மியது எல்லாம் என் கண் முன்னால் வந்து போனது. கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

கரியை எடுக்க முடியாது என்று அக்காவிடம் சொன்னேன். எடுத்தால் பழையபடி கிணறு சிவக்கும். அவர் தலையாட்டிவிட்டுக் காப்பியைக் குடித்து முடித்துப் போய்விட்டார். நம்பினாரா, வெறுத்தாரா என்று முகத்திலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

ஐப்பசியில் அக்கா சொன்னபடியே ஆனது. நாற்றைப் பறித்துப் பாத்தியில் நட்டு, அது வேர் பிடிக்கிற நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. பகலிலேயே விளக்குப் போட வேண்டிய இருட்டு. பள்ளிக்கூடம் லீவு. பின்வாசலில் நின்று பார்த்தேன். தொட்டி விளிம்பு வரைக்கும் நிறைந்து தளும்பிக்கொண்டிருந்தது. கீழே மடை திறந்திருந்தது, மழைத்தண்ணீர் கொல்லைக்குள் போய்க்கொண்டிருந்தது. இளம் நாற்றுகள் மழையில் ஆடிக்கொண்டிருந்தன.

என் வீட்டுக்காரர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மண் மூட்டைகளைத் தொட்டி விளிம்பில் அடுக்கிப் பார்த்தார். ஒரு மூலையை அடைத்தால் மறு மூலையில் வழிந்தது. கடைசியில் கையை விரித்துவிட்டார்.

"போயி அக்காட்டச் சொல்லிரவா?"

"இந்த மழையில நீங்க வேலியைச் சுத்திக்கிட்டு சரிவுல எறங்கிப் போறதுக்குள்ள தண்ணி போயிரும்."

வேலியோரம் ஓடி "அக்கா! அக்கா!" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். மழைச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை.

பட்டறைக்குள் ஓடினேன். அரக்குச் சாயப் பொடி டப்பாவைத் திறந்து ஒரு கரண்டி அள்ளினேன். என் வீட்டுக்காரர், "ஏய், என்ன பண்றே?" என்று கத்தினார். தொட்டித் தண்ணீர் வழிந்து வாய்க்காலில் விழுகிற இடத்தில் கொட்டினேன். அத்தனை சனியும் ஞாயிறும் உயிரைக் கொடுத்து எடுத்த நிறத்தை என் கையாலேயே திரும்பப் போட்டேன். பொடி பட்ட இடத்தில் தண்ணீர் குபுக்கென்று சிவந்து, சரிவில் நீளமாக இறங்கியது.

மழைத் திரைக்கு அந்தப்பக்கம் கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றேன். சிவப்பு வேலியைத் தாண்டியது. மடையை நெருங்கியது. யாரையும் காணவில்லை. அக்கா வீட்டில் இல்லையோ, கட்டிலில் இருக்கிறவருக்குப் பக்கத்தில் இருக்கிறாரோ?

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. மழையைக் கிழித்துக்கொண்டு கேட்டது.

"அரக்குத் தண்ணி வருதுடோய்!"

முக்காட்டுச் சாக்கோடு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா ஓடிவந்தார். நாலு வெட்டு மண். மடை அடைபட்டது. சிவப்பு மடையை முட்டிப் பார்த்துவிட்டு, திரும்பி, கருவேலங் காட்டுப் பக்கமாகப் போனது. அக்கா நிமிர்ந்து எங்கள் வீட்டைப் பார்த்தார். நான் நிற்பதைப் பார்த்திருக்க வேண்டும். மண்வெட்டியை ஒரு தரம் உயர்த்திக் காட்டினார்.

நான் உள்ளங்கையைப் பார்த்தேன். மழையில் கழுவியும் அரக்கு போகவில்லை. திங்கட்கிழமை பிள்ளைகள் கேட்பார்கள். மருதாணிதான் என்று சொல்ல வேண்டும்.